ஏகாம்பரம் சேர்த்த சாமான்

தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோட்டைப் பார்த்த எட்டு மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடியும் ஐந்தாவது மாடியும் செண்பகத்தின் பொறுப்பு. காலை ஆறரைக்குச் சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு மாப்பைக் கையில் எடுத்தாளானால், ஒன்பது மணிக்கு ஆபீஸ்காரர்கள் லிஃப்டிலிருந்து இறங்கும்போது தரையில் முகம் பார்க்கலாம். மேஜை மேல் காபி வட்டம் இருக்காது. கக்கூஸில் நாற்றம் இருக்காது. சூப்பர்வைசர் ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவான். பதினோரு வருஷமாக இந்த வேலையில் அவளை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தால் கதவு பாதிதான் திறக்கும். உடம்பை ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

வீடு நந்தனம் பக்கத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஒரு ஹால், ஒரு சின்ன ரூம், ஒருத்தி நின்றால் இன்னொருத்தி நுழைய முடியாத சமையல்கட்டு. அதில் நாலு பேர். புருஷன் வடிவேலு ஆட்டோ ஓட்டுகிறவன். காக்கிச் சட்டையைக் கழற்றி டிவி மேல் போடுவான். டீ குடித்த டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் வைப்பான். மகள் தமிழ்நிலா பிளஸ் டூ. சீப்பில் முடி, தலையணைக்குக் கீழே சாக்ஸ், படித்த புத்தகம் படித்த இடத்தில். இவர்களைச் செண்பகம் வாயாலேயே சமாளித்துவிடுவாள். "ஏய், இது வூடா இன்னா, கோயம்பேடு பஸ் ஸ்டாண்டா?" என்று ஒரு சத்தம் போட்டால் இரண்டு நாளைக்குத் தாங்கும்.

ஏகாம்பரத்தின் சமாச்சாரம் வேறு. அவர் வடிவேலுவுக்கு அண்ணன். செண்பகத்துக்கு மாமா முறை. அவரை ஏய் என்று சொல்ல முடியாது.

ஏகாம்பரத்துக்கு மீன்பாடி வண்டி, மிதித்து ஓட்டுகிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி இருந்தது. தி.நகரில் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோய்ப் போடுவார், அபார்ட்மெண்டுகளில் வீடு மாறுகிறவர்களின் சாமானை ஏற்றி இறக்குவார். வீடு மாறுகிறவர்கள் எதையாவது வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் இவர் வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். கால் ஒடிந்த நாற்காலி, சுற்றாத மிக்ஸி, கம்பி வளைந்த குடைகள், முள் நின்ற கடிகாரங்கள், ரெக்கை இல்லாத டேபிள் ஃபேன், யாருடைய குழந்தையோ ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள். ஹாலின் ஒரு சுவர் முழுக்கக் கூரை வரைக்கும் ஏறிவிட்டது. இடம் போதாமல் வெளி வராந்தாவிலும் வழிந்தது.

"எல்லாம் நல்லா கீதும்மா," என்பார் ஏகாம்பரம். "ஒரு ஸ்க்ரூ போட்டா ஓடிரும். ஞாயித்துக்கெயம குந்தி எல்லாத்தியும் பாத்துர்றேன்."

இரண்டு வருஷத்தில் நூறு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் இப்படி இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்து ஓரம் அவருக்கும் அவர் பெண்சாதி கன்னியம்மாவுக்கும் ஒரு வீடு இருந்தது. ஆற்றோரத்து வீடுகளை அரசாங்கம் இடிக்க ஆரம்பித்தபோது பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் மாற்று வீடு கிடைத்தது. அங்கே குடிபோகப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஏற்கெனவே கிட்னி கெட்டுப் படுத்திருந்த கன்னியம்மா போய்விட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. "அவ்ளோ தூரத்துல தனியா இன்னா பண்ணுவ, வாண்ணா நம்ம வூட்டுக்கு," என்று வடிவேலுதான் கூட்டிக்கொண்டு வந்தான். செண்பகமும் மனசாரத்தான் சரி என்றாள். வடிவேலுவை ஏழு வயதிலிருந்து வளர்த்தவர் ஏகாம்பரம்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஐப்பசி மழை விட்ட வாரம் அது. எலிகள் மழைக்குப் பயந்து மேலே ஏறி, அந்தச் சாமானுக்குள் குடித்தனம் வைத்துவிட்டன. செண்பகம் பொறி வைத்தாள், எலி மருந்து பிஸ்கட் வைத்தாள். ஒரு விடியற்காலையில் தமிழ்நிலா "அம்மா" என்று கத்திக்கொண்டு எழுந்தாள். இடது கால் சுண்டுவிரலில் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டு ஆட்டோவில் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் தமிழ்நிலா பையை எடுத்துப் புத்தகங்களை அடுக்கினாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"எங்கூடப் படிக்கற சாய்மா வூட்டுக்கும்மா. அவங்கம்மா கிட்ட கேட்டுட்டேன். பரீட்சை முடியற வரைக்கும் அங்கியே படிச்சிக்கிறேன்."

"நமக்கு வூடு இல்லியா?"

தமிழ்நிலா ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். "எங்கம்மா கீது?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. காலை இழுத்து இழுத்து மாடிப்படி இறங்கிப் போனாள். அன்றைக்குத் தாமதமாக வேலைக்குப் போன செண்பகத்துக்குக் கை ஓடவில்லை. நாலாவது மாடியில் துடைத்த மேஜையையே இரண்டாம் தரம் துடைத்துக்கொண்டிருந்தாள். யார் யாரோ உட்காருகிற இடத்தையெல்லாம் பளபளவென்று வைக்கத் தெரிந்தவளுக்கு, பெற்ற பெண் உட்கார்ந்து படிக்க நாலு அடி இடம் கொடுக்க வக்கில்லை.

மறுநாள் விடியற்காலையிலேயே ஏகாம்பரம் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு வடிவேலுவைப் பிடித்துக்கொண்டாள்.

"புதங்கெயம எனக்கு வீக் ஆஃப். எல்லாத்தியும் எடுத்துப் போட்றப் போறேன்."

வடிவேலு பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்தான். மறுபடி கொப்பளித்தான்.

"இன்னாய்யா, காதுல வுயுதா?"

"அவரு கிட்ட சொல்லிட்டியா?"

"நீ சொல்லு. ஒன் அண்ணன்தான?"

"நான் எப்டிமே சொல்றது? அண்ணி போனதுல இருந்தே அவரு ஒரு மாரிதான் கீறாரு. மூஞ்சியப் பாத்து எப்டி சொல்லுவேன்?"

"அப்ப எம்பொண்ணு மூஞ்சிய நீ பாக்கல?"

வடிவேலு டிவி மேல் கிடந்த சட்டையை எடுத்து உதறி மாட்டினான். "இத பார். நீ இன்னா பண்றியோ பண்ணு. நான் பாக்கல. எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டுப் படியிறங்கினவன் பாதியில் நின்று, "அண்ணி போட்டோவ மட்டும் பாத்துக்கோ," என்று கீழேயிருந்து குரல் கொடுத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் சிந்தாதிரிப்பேட்டை இனாயத் பாயின் பழைய சாமான் கடையிலிருந்து டெம்போ வந்தது. கீழ்வீட்டு அக்காதான் நம்பர் கொடுத்திருந்தாள். இரண்டு ஆட்கள் மேலே ஏறி வந்து ஹாலைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வூட்டுக்குள்ளியே நீ ஒரு கட வச்சிக்கீற?" என்று சிரித்தார்கள். செண்பகம் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் தானே சாமான் குவியலுக்குள் கையை விட்டாள்.

இழுக்க இழுக்க வந்தது. குடைக்குள் கரப்பான் குடும்பம். மிக்ஸி ஜாருக்குள் எலிக் குஞ்சுகள், கண் திறக்காமல் ரோஸ் நிறத்தில். நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மூட்டை முழுக்க ஒற்றைச் செருப்புகள். ஆட்கள் படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி வேர்த்து ஊற்றினார்கள். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, குலுக்கிப் பார்த்துத்தான் கொடுத்தாள். கன்னியம்மாவின் போட்டோ, அவள் புடவைகள் இருந்த தகரப் பெட்டி, ஏகாம்பரத்தின் ரேஷன் கார்டு, பெரும்பாக்கம் வீட்டுப் பத்திரங்கள் எல்லாவற்றையும் தனியாகக் கட்டில் மேல் எடுத்து வைத்தாள்.

கடைசியாகச் சுவரோடு சுவராக ஒரு மரக் கதவு நின்றது. ஒற்றைக் கதவு, நீலப் பெயிண்ட் பாதி உரிந்தது, அடியில் கரையான் தின்று சல்லடையாகியிருந்தது.

"இதுவுமாக்கா?"

"கதவ வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன். எட்த்துகினு போ."

டெம்போ போன பிறகு மூன்று பக்கெட் பினாயில் தண்ணீர் விட்டுக் கழுவினாள். இரண்டு வருஷமாகப் பார்க்காத தரை தெரிந்தது. ஜன்னலை முழுக்கத் திறந்தாள். மூன்று மணிக்கு வெயில் உள்ளே வந்து சுவர் வரைக்கும் போய் விழுந்தது. தமிழ்நிலாவுக்கு போனில் படம் எடுத்து அனுப்பினாள். "சூப்பர்மா. பெரிப்பா பாத்தாரா?" என்று பதில் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கெட்டைக் கழுவப் போனாள்.

நாலரைக்கு ஏகாம்பரம் வந்தார். வாசலில் வழக்கம்போல உடம்பை ஒருக்களித்தார். கதவு முழுசாகத் திறந்துகொண்டதில் தடுமாறி நிமிர்ந்தார். ஹாலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

செண்பகம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். "மாமா, புள்ளைக்குப் பரீட்ச... எலி வேற..."

"சரிம்மா."

"அக்கா போட்டோ, பொட்டி எல்லாம் பத்திரமா..."

"கதவு?" என்றார் ஏகாம்பரம்.

"எது மாமா?"

"நீலக் கதவு."

"அது கரையான் அரிச்சி... கையில எட்த்தாலே உதுந்து போச்சி மாமா."

அவர் சமையல்கட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு குடித்தார். சொம்பைக் கழுவி மேடை மேல் கவிழ்த்து வைத்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒரு பாத்திரத்தைக் கழுவி வைத்து அவள் பார்த்ததில்லை.

"யாரு வந்து எட்த்தாங்க?"

"சிந்தாரிப்பேட்ட இனாயத் பாய் வண்டி."

தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அதற்கு இரண்டு நாளாகத் தயாராகத்தான் இருந்தாள்.

அன்று அவர் திரும்பி வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். வடிவேலு ஆட்டோவில் வண்டி ஸ்டாண்ட் ஸ்டாண்டாகச் சுற்றிவிட்டு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளினான். "ஒனக்கு சுத்தம்தான பெருசு. இப்ப நல்லா சுத்தமா கீது. குந்தி ராஜ்ஜியம் பண்ணு," என்றான்.

"பண்ணிக்கோன்னு நீதான சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? தெரியாதுன்னுதான சொன்னேன்!"

காலை விடிந்ததும் சூப்பர்வைசருக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். "வண்டிய எடு. பாய் கடைக்குப் போவோம்."

இனாயத் பாயின் கடை கூவத்துக்கு ஒரு தெரு தள்ளி இருந்தது. வாசலிலேயே ஏகாம்பரத்தின் மீன்பாடி வண்டி சங்கிலி போட்டு நின்றது. ஆட்டோ நிற்பதற்குள் செண்பகம் இறங்கி உள்ளே போனாள்.

"வாம்மா, குந்து," என்றார் இனாயத். அறுபது வயதிருக்கும், தொப்பியும் மடித்துக் கட்டிய லுங்கியும். "நேத்து சாயந்தரம் வந்தாரு ஏகாம்பரம். இந்தப் பேட்டையில அவர எனக்கு முப்பது வருசமா தெரியும். ஆனா அது அவரு வூட்டு சாமான்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா வண்டியே அனுப்பிருக்க மாட்டேன்."

"கதவு கேட்டாரா பாய்?"

இனாயத் காதைச் சொறிந்தார். "கரையான் புடிச்ச மரத்த கடையில வைக்க முடியாது. மத்ததுக்கும் பரவிரும். வந்த உடனே ஒடைச்சி எதுத்தாப்ல டீக்கடைக்கு வெறகா குட்த்துட்டாங்க பசங்க. அத்தச் சொன்னேன். டீக்கடைக்குப் போயி அடுப்பு கிட்ட கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பால வந்து, கதவு மாட்டற கொண்டி இரும்புதான பாய், அது எரிஞ்சிருக்காதேன்னாரு. தேடிக் குட்த்தேன். வாங்கி மடியில கட்டிகினு, வண்டிய பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறப் போயிட்டாரு."

"எந்த ஊருக்குன்னு சொன்னாரா?" என்றான் வடிவேலு.

"வூட்டுக்குப் போறேன்னாரு. எந்த வூட்டுக்குன்னு நான் இன்னாத்த கேக்கறது?"

செண்பகம் எழுந்துவிட்டாள். "பெரும்பாக்கம்யா. சாவி அவரு அரணாக்கவுத்துலதான் எப்பவும் தொங்கும்."

பெரும்பாக்கம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். வழி நெடுக வடிவேலு ஹாரனை அடித்துக்கொண்டே போனான். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் செண்பகம் கம்பியைப் பிடித்த கையை மாற்றி மாற்றிப் பிடித்தாள். எட்டாவது மாடி என்பது நினைவுக்கு வந்தது. அதை வடிவேலுவிடம் சொல்லவில்லை.

லிஃப்ட் ஓடவில்லை. ஏறினார்கள். கதவு திறந்திருந்தது.

உள்ளே ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்து ஒரு சின்னக் கல்லால் கதவின் உட்பக்கம் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வடிவேலு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"வந்துட்டீங்களா? டீ கீ குட்ச்சீங்களா?" என்றார் ஏகாம்பரம்.

வீட்டில் ஒன்றுமே இல்லை. ஒரு பாய் இல்லை, ஒரு டம்ளர் இல்லை. துண்டால் கூட்டித் தூசியை ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார்.

"இன்னா மாமா இது? போன் பண்ணக் கூடாதா? உசுர கையில புட்ச்சிகினு வரோம்."

"சார்ஜ் இல்லம்மா. கோவிச்சிகினு வர்ல. இந்தக் கொண்டியாச்சும் இந்த வூட்ல போட்டு வச்சிரலாம்னு வந்தேன். ஒக்கார மாட்டேங்குது. இது இன்னா கதவு, அட்ட மாரி கீது. ஆணியே நிக்கல."

துருப்பிடித்த பழைய கொண்டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"அந்தக் கதவு யாருது மாமா?"

"நம்ம வூட்டுது. வூடுங்கள இடிக்கற மிஷின் தெருக் கோடியில வந்து நின்னுச்சி. கன்னியம்மா கட்ல்ல கீறா. யோவ், மத்தது போனாப் போவுது, கதவக் கயட்டிரு, புது வூட்டுக்கு ஆவும்னு அவதான் சொன்னா. அவ சீட்டுப் புடிச்சி வாங்கிப் போட்ட கதவு. அதுக்கு முன்ன சாக்குதான தொங்கும். அவ அப்டி சொன்னாளேன்னு கயட்டி எடுத்தேன். இங்க வந்து பாத்தா இங்க ஏற்கெனவே கதவு கீது." சிரித்தார். "அவளும் போயிட்டா. அத்த எங்க மாட்டறது?"

"ஒரு வார்த்த சொல்லிருந்தா வச்சிருப்பேனே."

"எங்கம்மா வச்சிருப்ப? எடம் ஏது?"

மூலையில் குவிந்திருந்த தூசியை அள்ளச் செண்பகத்தின் கை தானாகப் போயிற்று. பிடித்து நிறுத்திக்கொண்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் ஒண்ணு சொல்றேன். அது இன்னா கதவுன்னு தெரிஞ்சிருந்தா கை வச்சிருக்க மாட்டேன். கேக்காம போட்டது என் தப்புதான், மன்னிச்சிருங்க. ஆனா மத்ததுக்கெல்லாம் நான் மன்னிப்பு கேக்க மாட்டேன். எம்பொண்ணு கால எலி கட்ச்சிது. அவ இன்னொருத்தர் வூட்ல போயி படிக்கிறா."

"செம்பகம்!" என்றான் வடிவேலு வாசலிலிருந்து.

"நீ சும்மா இரு. ஒரு நாளாச்சும் நீ வாயத் தொறந்து பேசிருந்தா நாம இங்க வந்து குந்திகினு இருக்க மாட்டோம்."

ஏகாம்பரம் கையைத் தூக்கி அவனை அடக்கினார். "அவ சொல்றது கரீட்டுடா." பிறகு அவளைப் பார்த்தார். "புள்ளைக்கு ஊசி போட்ட அன்னிக்கே நானே தூக்கிப் போட்டிருக்கணும்மா. போட்றலாம்னுதான் பாத்தேன். ஒவ்வொண்ணா கையில எடுப்பேன். இது ஓடுமே, இது நிக்குமேன்னு இருக்கும். திரும்ப வச்சிருவேன். ரோட்ல எதுனா கெடந்தா தாண்டிப் போவ முடியல. மிஷின் வந்து ஏறிருமோன்னு கீது. புத்தி தெரியுது, கை கேக்கல."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"நான் இங்கியே இருந்துக்கிறேன்," என்றார் ஏகாம்பரம். "அங்க வந்தா திரும்ப எட்த்தாருவேன்."

"இங்க இருந்து டி.நகருக்கு வண்டி மிதிச்சிகினு வருவீங்களா? இங்க சோறு யாரு போடுவா?" செண்பகம் எழுந்தாள். "கட்லுக்கு அடியில ஒங்க எடம். அதுல என்ன வேணா வச்சிக்கோங்க, நான் எட்டிப் பாக்க மாட்டேன். அத்தத் தாண்டி ஒண்ணு உள்ள வந்தா போட்ருவேன். ஒங்களக் கேட்டுட்டுதான் போடுவேன். ஆனா போட்ருவேன். சம்மதம்னா எந்திரிங்க."

அவர் வெகுநேரம் கொண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பெரும்பாக்கத்து ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டு எழுந்தார். வீட்டைப் பூட்டினார். வடிவேலு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு மாடியும் இறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்நிலா பையோடு வந்து சேர்ந்தாள். ஜன்னல் பக்கத்தில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டாள். ஒரு வாரத்தில் தலையணைக்குக் கீழே சாக்ஸும் வந்துவிட்டது.

ஆனால் செண்பகத்துக்குத்தான் நிம்மதி வரவில்லை. நாலரை மணி ஆனால் காது படிக்கட்டில் இருக்கும். ஏகாம்பரம் தினமும் வெறுங்கையோடு வந்தார். ஓரமாக உட்கார்ந்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார், ஹாலில் யாரோ வீட்டுக்கு விருந்தாட வந்தவர் மாதிரி காலை மடக்கிக்கொண்டு இருந்தார். கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியைத் தவிர ஒன்றும் சேரவில்லை. அதைப் பார்க்கவும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கார்த்திகை பிறந்து நாலு நாள் இருக்கும். செண்பகம் தரையைத் துடைத்துவிட்டு அடுப்பில் புளிக் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. ஏகாம்பரம் உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு குக்கர்.

"நாலு லிட்டரும்மா. கைப்புடி மட்டும்தான் இல்ல," என்றார். குரலில் கூச்சம். "கேட்டுகினு போலாம்னு எட்த்தாந்தேன்."

குக்கரைப் பார்த்தாள். நல்ல குக்கர்தான். அவரையும் பார்த்தாள். வேண்டும் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு வரைக்கும் வந்தது.

"வேணாம் மாமா. நம்ம கிட்ட ரெண்டு கீது."

"சரிம்மா."

திரும்பிப் படியிறங்கினார். அவள் கரண்டியோடு வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கீழே அவர் குக்கரைக் குப்பைத் தொட்டி ஓரமாக வைத்தார். இரண்டு அடி நடந்தார். திரும்பிப் பார்த்தார். பிறகு மேலே ஏறி வர ஆரம்பித்தார். மூன்று மாடி ஏறுவதற்குள் இவளுக்குக் குழம்பு அடிப்பிடித்துவிடும் என்று கூடத் தோன்றவில்லை.

"வச்சிட்டேம்மா," என்றார் உள்ளே வந்து. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் தேய்த்துக்கொண்டு நின்றார்.

செண்பகம் பூண்டுக் கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "குந்துங்க மாமா. இத்தக் கொஞ்சம் உரிச்சிக் குடுங்க. எனக்குக் கை ஒயியல."

ஏகாம்பரம் ஹாலுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். உரித்த பல்லைக் கிண்ணத்தில் போட்டார். தோலை அப்படியே விட்டார். ஃபேன் காற்றில் அது எழும்பிப் பறந்து, இப்போதுதான் துடைத்த ஈரத் தரையெங்கும் ஒட்டிக்கொண்டது.

"பெரிப்பா, தோலு!" என்றாள் தமிழ்நிலா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி.

"நீ படிடி," என்றாள் செண்பகம்.